மாப்பிள்ளைத் தோழனுக்காகப் பெண் கொடுப்பார்களா?

கல்யாணத்தில் மாப்பிள்ளைத் தோழன் எத்தனை லட்சணமாக இருந்தால்தான் என்ன? பெண்ணைப் பெற்றவர்கள் அவனைப் பார்த்தா சம்பந்தம் பேசுகிறார்கள்? ஆனால் அமெரிக்க ஜனாதிபதித் தேர்தல் வந்துவிட்டால், தோழனைப் பற்றித்தான் ஊரெல்லாம் பேச்சு! அங்கே ஜனாதிபதிக்கும் உப ஜனாதிபதிக்கும் சேர்த்து ஒரே ஓட்டு. இவர் வேண்டும், அவர் வேண்டாம் என்று பிரித்துப் போட முடியாது.

2020 ஆகஸ்டில் ஜோ பைடன், கமலா ஹாரிஸைத் துணை அபேட்சகராகத் தேர்ந்தெடுத்தார். கமலாவின் தாயார் சியாமளா சென்னையில் பிறந்தவர். பாட்டனார் கோபாலனின் பூர்வீகம் மன்னார்குடிப் பக்கத்துத் துளசேந்திரபுரம். அந்தக் கிராமத்தார் கோயிலில் பூஜை செய்தார்கள். வெற்றிச் செய்தி வந்ததும் கோலம் போட்டு வெடி வெடித்தார்கள். 'நம் வீட்டுப் பெண்ணால்தான் பைடன் ஜெயித்தார்' என்று சொல்லிக்கொள்ள யாருக்குத்தான் ஆசை இராது?

சரித்திரம் என்ன சொல்கிறது, பார்ப்போமா?

1960-இல் கென்னடி, டெக்ஸாஸ்காரரான ஜான்ஸனைச் சேர்த்துக்கொண்டார். டெக்ஸாஸில் சுமார் 46,000 ஓட்டு வித்தியாசத்தில் வென்றார். துணையால் பலன் உண்டு என்பவர்கள் முதலில் காட்டும் உதாரணம் இதுதான். ஆனால் 1988-இல் அதே டெக்ஸாஸைச் சேர்ந்த பென்ட்ஸனைத் துணையாக வைத்துக்கொண்ட டுகாகிஸ், டெக்ஸாஸிலேயே தோற்றார்!

பெண்ணை நிறுத்தினால் பெண்கள் ஓட்டு வருமா? 1984-இல் மாண்டேல், ஜெரால்டின் ஃபெராரோ என்ற பெண்மணியை நிறுத்தினார். ஐம்பது ராஜ்யங்களில் நாற்பத்தொன்பது ரீகனுக்குப் போயின. பெண்களிலும் பெரும்பாலோர் ரீகனுக்கே ஓட்டளித்தார்கள். 2024-இல் கமலாவே தலைமை அபேட்சகரானபோது, மினஸோட்டா கவர்னர் டிம் வால்ஸைத் துணையாக்கினார். மினஸோட்டா கிடைத்தது, பக்கத்து விஸ்கான்ஸின் கை நழுவியது.

நம் தேசத்தில் இந்த ஜோடிப் பொருத்தமே கிடையாது. இரண்டு பதவிகளுக்கும் தனித்தனித் தேர்தல். வில்லியனூரும் பாகூரும் தேர்ந்தெடுத்து அனுப்பும் சட்டசபை அங்கத்தினர்களுக்கு ஜனாதிபதித் தேர்தலில் ஓட்டு உண்டு. 1992-ஆம் வருஷத்து 70-வது அரசியல் சட்டத் திருத்தம் கொடுத்த உரிமை அது. 2022 தேர்தலில் அவர்கள் ஒவ்வொருவருடைய ஓட்டின் மதிப்பு 16; தமிழ்நாட்டு அங்கத்தினருக்கோ 176. ஆனால் உப ஜனாதிபதித் தேர்தலில் அந்தப் பதினாறும் கிடையாது! பார்லிமெண்ட் அங்கத்தினர்கள் மட்டுமே வாக்களிப்பார்கள். புதுச்சேரிக்கு லோக சபையில் ஒருவர், ராஜ்ய சபையில் ஒருவர், ஆக இருவர்தான்.

'நம்மவர்' என்ற பாசம் அங்கேயாவது செல்லுமா? 2025 செப்டம்பரில் திருப்பூர்க்காரரான சி. பி. ராதாகிருஷ்ணன் 452 ஓட்டுகள் பெற்று உப ஜனாதிபதியானார். முந்தைய வருஷம் சில மாதங்கள் புதுச்சேரி துணைநிலை கவர்னர் பொறுப்பையும் பார்த்தவர் அவர். ஆனாலும் தமிழ்நாட்டின் தி.மு.க., எதிர் அபேட்சகர் சுதர்சன் ரெட்டியையே ஆதரித்தது. ஊர்ப் பாசத்தைவிடக் கட்சிப் பிடிப்பு பெரிது!

அப்படியானால் தோழனைப் பற்றிக் கவலையே வேண்டாமா? வேண்டும், சகோதரிகளே! 1963 நவம்பரில் கென்னடி சுடப்பட்டு இறந்த அன்றே ஜான்ஸன் ஜனாதிபதியானார். இதுவரை ஒன்பது அமெரிக்க உப ஜனாதிபதிகள், மேலே இருந்தவர் இறந்ததாலோ விலகியதாலோ அந்த நாற்காலியில் அமர்ந்திருக்கிறார்கள். தோழனுக்காக யாரும் பெண் கொடுப்பதில்லை என்பது வாஸ்தவந்தான். ஆனால் நாளைக்குக் குடும்பம் அவன் கைக்கு வரக்கூடும் என்றால், அவனையும் நாலு இடத்தில் விசாரிப்பதுதானே புத்திசாலித்தனம்?