அரிசி மேற்கே... கழிவு கிழக்கே... நோயாளி எங்கே?
களியக்காவிளையில் ஆஸ்பத்திரிக்கு அலையும் மக்கள்

களியக்காவிளை என்றதும் பேப்பர் படிக்கிறவர்களுக்கு ஞாபகம் வருவது ரேஷன் அரிசி கடத்தல்தான். லாரி மடக்கினார்கள், மூட்டை பிடித்தார்கள், டிரைவர் தப்பி ஓட்டம்! 2020 ஜனவரியில் பணியில் இருந்த சிறப்பு சப்-இன்ஸ்பெக்டர் சுட்டுக் கொல்லப்பட்டதும் இந்தச் சோதனைச் சாவடியில்தான்.

ஆனால் தினமும் இதே எல்லையைத் தாண்டும் இன்னொரு கூட்டத்தை யாரும் மடக்குவதில்லை. கையில் எக்ஸ்ரே கவர், கக்கத்தில் பைல், தோள்பையில் பிளாஸ்க். காலையில் திருவனந்தபுரம் பஸ்சில் இடம் பிடிக்க முண்டியடிக்கிற அவர்கள் நோயாளிகளும், நோயாளிக்குத் துணை போகிறவர்களும்.

வீட்டில் ஒருவருக்கு தீனம் என்றால் இந்த ஊரில் முதலில் எழுகிற கேள்வி "என்ன வியாதி?" அல்ல. "அங்கோட்டா, இங்கோட்டா?" என்பதுதான். அங்கோட்டு என்றால் பாறசாலை, நெய்யாற்றின்கரை, திருவனந்தபுரம். இங்கோட்டு என்றால் குழித்துறை, தக்கலை, ஆசாரிபள்ளம்.

திருவனந்தபுரம் மெடிக்கல் காலேஜ் சுமார் 30 கிலோமீட்டர். ஆசாரிபள்ளம் மெடிக்கல் காலேஜ் அதைவிடக் கொஞ்சம் கூடுதல். நடுவில் மார்த்தாண்டம் நெரிசல் வேறு. தூரத்தில் பெரிய வித்தியாசம் இல்லை. வித்தியாசம் பில் போடும் இடத்தில் வருகிறது.

ஒரே ராஜ்யம்

கிழவர்களைக் கேட்டால், எல்லை என்ற ஒன்றே இல்லாத காலத்தைச் சொல்வார்கள். 1956 நவம்பர் 1-ந் தேதிக்கு முன்னால் விளவங்கோடு, கல்குளம், தோவாளை, அகஸ்தீஸ்வரம் தாலுகாக்கள் திருவிதாங்கூர்-கொச்சியில் இருந்தன. திருவனந்தபுரம்தான் தலைநகரம். அந்த மெடிக்கல் காலேஜை 1951-ல் நேரு திறந்து வைத்தபோது விளவங்கோட்டுக்காரனின் வரிப்பணமும் அதில் இருந்தது. ஐந்தே வருடத்தில் கோடு கிழிக்கப்பட்டது. தமிழ் பேசுகிற மக்கள் தாய்த்தமிழகத்தோடு சேர்ந்தார்கள். ஆஸ்பத்திரி மட்டும் அந்தப் பக்கம் நின்றுவிட்டது.

அதன் பிறகு குமரி மாவட்டத்துக்குச் சொந்தமாக ஒரு அரசு மெடிக்கல் காலேஜ் வர எத்தனை வருடம் ஆனது தெரியுமா? 45 வருடம்! ஆசாரிபள்ளத்தில் பழைய காசநோய் ஆஸ்பத்திரி இருந்த இடத்தில் 2001-ல்தான் அது தொடங்கியது. அதுவரை தமிழகத்தில் பக்கத்து அரசு மெடிக்கல் காலேஜ் என்றால் 1965-ல் வந்த திருநெல்வேலி. களியக்காவிளையில் இருந்து 100 கிலோமீட்டருக்கு மேல். மண்டை உடைந்தவனை ஏற்றிக்கொண்டு யார் நெல்லைக்குப் போவார்கள்?

அந்த இடைவெளியை ஓரளவு தாங்கியவை மிஷன் ஆஸ்பத்திரிகள். நெய்யூரில் 1838-லேயே வைத்தியம் ஆரம்பித்துவிட்டது. 1922-ல் எவரெஸ்ட் ஏறப்போன இங்கிலாந்து டாக்டர் சோமர்வெல், திரும்பும் வழியில் நெய்யூருக்கு வந்தார். ஒற்றை சர்ஜன் முன்னால் காத்துக்கிடந்த கூட்டத்தைப் பார்த்தார். லண்டன் வேலையை விட்டுவிட்டு இங்கேயே வந்து தங்கிவிட்டார். எல்லைக்கு அந்தப்பக்கம் காரக்கோணத்தில் உள்ள மெடிக்கல் காலேஜ் இன்று அவர் பெயரில்தான் நடக்கிறது.

லாட்டரி சீட்டு

எல்லையில் நடக்கிற ஒரு வேடிக்கை. தமிழகத்தில் 2003-ல் லாட்டரிக்குத் தடை வந்தது. களியக்காவிளைக்காரருக்கு அது ஒரு தடையே இல்லை. நாலு எட்டு வைத்தால் கேரளம். அங்கே காருண்யா சீட்டு வாங்கலாம். அந்த லாட்டரி வருமானத்தை வைத்து 2012-ல் கேரள அரசு ஏழை நோயாளிகளுக்கு ஒரு நிதி தொடங்கியது. புற்றுநோய், இருதயம், சிறுநீரகம் என்று பெரிய வியாதிகளுக்கு உதவி.

சீட்டு வாங்க இவர் காசு செல்லும். சீக்கு வந்தால் இவர் பெயர் செல்லாது! அந்த உதவி கேரளத்தில் குடியிருப்பவர்களுக்கு மட்டும்.

குறை சொல்வதற்கில்லை. அவர்கள் அரசு அவர்கள் ஜனத்துக்குச் செய்கிறது. இங்கே உள்ள திட்டமும் அப்படித்தான். 2009-ல் கலைஞர் காப்பீடு, 2012 முதல் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீடு. குடும்ப வருமானம் ஆண்டுக்கு 1 லட்சத்து 20 ஆயிரத்துக்குள் இருந்தால் அட்டை. ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சை. ஆனால் பட்டியலில் உள்ள ஆஸ்பத்திரி, பட்டியலில் உள்ள சிகிச்சை என்றால்தான் அட்டை பேசும்.

ரப்பர் பால் வெட்டுகிறவர், அண்டி ஆபீஸ் தொழிலாளி, கொத்தனார் கையாள் போன்றவர்கள் இந்தப் பட்டியலை எங்கே பார்ப்பார்கள்? நெஞ்சைப் பிடித்துக்கொண்டு ஒருவர் விழுந்தால் ஆட்டோ எந்தப் பக்கம் திரும்புகிறதோ அந்தப் பக்கம்தான். பில் வந்த பிறகுதான் அட்டை ஞாபகம் வரும். அப்புறம் நகைக்கடன், வட்டிக்காரர்.

இடித்தால் எல்லை இல்லை

விபத்து விஷயத்தில் மட்டும் நிலைமை மாறியிருக்கிறது. 2021 டிசம்பரில் வந்த 'இன்னுயிர் காப்போம்' திட்டப்படி தமிழக எல்லைக்குள் அடிபட்டவர் எந்த மாநிலத்தவர் ஆனாலும் பட்டியலில் உள்ள ஆஸ்பத்திரியில் முதல் 48 மணி நேரம் இலவசம். அப்போது 1 லட்சம் ரூபாய் வரை என்று அறிவித்தார்கள். 2025 மே மாதம் மத்திய அரசும் நாடு முழுவதற்கும் ஒரு திட்டம் கொண்டு வந்தது. சாலை விபத்தில் காயம் அடைந்தவருக்கு 7 நாள் வரை, 1.5 லட்சம் ரூபாய் வரை பணம் கட்டாமல் சிகிச்சை.

ஆக, வண்டி இடித்தால் எல்லை இல்லை. நெஞ்சு வலித்தால், பக்கவாதம் வந்தால் எல்லை உண்டு! ரத்தக்குழாய் அடைப்பால் வரும் பக்கவாதத்துக்கு, கட்டியைக் கரைக்கும் ஊசியை நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும். அந்த நேரத்தில் பாதி "அங்கோட்டா, இங்கோட்டா" என்ற பேச்சில் போனால்?

திருவனந்தபுரம் ஸ்ரீசித்திரை திருநாள் நிலையம் மத்திய அரசு நிறுவனம். 1980-ல் பார்லிமெண்ட் சட்டம் போட்டு தேசிய முக்கியத்துவம் கொடுத்தது. இருதயம், மூளை நோய்களுக்கு தென் தமிழகமே அங்கே போகிறது. 1981-ல் வந்த மண்டலப் புற்றுநோய் மையத்துக்கும் அப்படியே. நோய் தீர மாதக்கணக்கில் போய்வர வேண்டும். மருந்துச் செலவு ஒரு பக்கம். துணைக்குப் போகிறவரின் நாள்கூலி, பஸ் காசு, சாப்பாடு, தங்குமிடம் எந்தக் காப்பீட்டிலும் வராது.

கதவு மூடிய நாள்

கொரோனா காலத்தில் இந்த வழி அடைந்தது. 2020 மார்ச்சில் ஊரடங்கு வந்ததும் சோதனைச் சாவடியில் தடுப்பு. பிறகு பாஸ் இல்லாமல் அசைய முடியாது. கேரளத்தின் வடக்கு முனையில் இதைவிடக் கொடுமை நடந்தது. கர்நாடகம் தலப்பாடி வழியை மூடியதால், மங்களூர் ஆஸ்பத்திரிகளை நம்பியிருந்த காசர்கோடு நோயாளிகள் பலர் வழியில்லாமல் உயிரிழந்தார்கள். கேரள ஐகோர்ட்டு ஏப்ரல் 1-ந் தேதி வழிவிடச் சொன்னது. சுப்ரீம் கோர்ட்டு வரை வழக்கு போன பிறகே நோயாளிகளுக்குத் தனி விதிமுறை வந்தது.

நோயாளிக்குத்தான் இத்தனை விதி. கழிவுக்கு எந்த பாஸும் இல்லை! 2024 டிசம்பரில் நெல்லை அருகே கொடகநல்லூர், நடுக்கல்லூர் பகுதியில் கேரள ஆஸ்பத்திரிக் கழிவு மூட்டை மூட்டையாகக் கிடந்தது. 3 நாளில் அள்ள வேண்டும் என்று பசுமைத் தீர்ப்பாயம் போட்ட போடில் கேரள அதிகாரிகள் லாரியோடு வந்து அள்ளிப் போனார்கள்.

அட்டை வாங்கியாச்சா?

எல்லையோர மக்கள் கேட்பது பெரிய விஷயம் அல்ல. இரண்டு அரசும் உட்கார்ந்து பேசி, எந்த அட்டை எந்த ஆஸ்பத்திரியில் எந்த நோய்க்குச் செல்லும் என்று தமிழிலும் மலையாளத்திலும் எழுதி பஸ் நிலையத்தில் ஒரு போர்டு வைக்கட்டும் என்கிறார்கள். குழித்துறையிலேயே இருதய, பக்கவாத அவசர சிகிச்சை ராத்திரியும் கிடைத்தால் பாதிப் பேர் பஸ் ஏறவே மாட்டார்கள்.

அதுவரை, காப்பீட்டு அட்டை இல்லாதவர்கள் தீனம் வருமுன்பே வாங்கி வைப்பது நல்லது. ரேஷன் கார்டு, ஆதார், வருமானச் சான்றோடு நாகர்கோவில் கலெக்டர் ஆபீசில் உள்ள காப்பீட்டு மையத்துக்குப் போக வேண்டும். எந்த ஆஸ்பத்திரி பட்டியலில் உள்ளது என்பதை 1800 425 3993 என்ற கட்டணமில்லா எண்ணில் கேட்கலாம். வருமானச் சான்றுக்கு முதலில் கிராம நிர்வாக அதிகாரி விசாரித்து எழுத வேண்டும். அதற்குச் சில நாள் பிடிக்கும்.