வளைகுடாவில் நோய், ஊரில் குடும்பம்

வளைகுடா நாடுகளில் உழைத்துக் குடும்பத்தைத் தாங்குபவர் நோயில் விழுந்தால், அது அவர் ஒருவரின் துன்பமாக மட்டும் நிற்பதில்லை. மாதச் சம்பளம், தங்கும் அனுமதி, ஊரில் ஓடும் குடும்பம் மூன்றும் ஒருசேர ஆட்டம் காண்கின்றன. உலக வங்கியின் மதிப்பீட்டின்படி 2024ல் வெளிநாடுவாழ் இந்தியர் தாயகத்துக்கு அனுப்பிய பணம் ஏறத்தாழ 12,900 கோடி டாலர். இந்தப் பெருந்தொகையின் ஒரு பகுதி, உடல்நோவைச் சொல்லாமல் வேலைக்குப் போனவர்களின் வியர்வை.

பெங்களூரின் ஆஸ்டின் டவுன் பழைய கண்டோன்மெண்ட் பகுதிகளில் ஒன்று. 1809ல் ஆங்கிலேயப் படை முகாம் அமைந்த பிறகு, படையோடும் வியாபாரத்துக்கும் கூலி வேலைக்கும் வந்து தங்கிய தமிழர்களின் வழித்தோன்றல்கள் இத்தகைய பேட்டைகளில் இன்றும் வாழ்கிறார்கள். டிரைவர், எலெக்ட்ரீஷியன், ஏ.சி. மெக்கானிக், வீட்டு வேலை என்று இங்கிருந்து கடல் கடந்து போனவர்களும் உண்டு. அவர்கள் அனுப்பும் பணத்தில்தான் லீசு வீட்டுப் பணம், பிள்ளைகளின் ஸ்கூல் ஃபீஸ், சீட்டுத் தவணை, பெற்றோரின் மாத்திரைச் செலவு எல்லாம் நடக்கின்றன. ஏஜென்டுக்குக் கொடுக்க வாங்கிய கடனின் வட்டியும் அதிலிருந்தே போகிறது.

நோயை மறைப்பது ஏன்?

வளைகுடா வேலைக்குப் போகும் முன் அங்கீகாரம் பெற்ற மையத்தில் ரத்தப் பரிசோதனையும் மார்பு எக்ஸ்ரேயும் எடுக்க வேண்டும். ‘காம்கா மெடிக்கல்’ என்று மக்கள் சொல்லும் இந்த முறை இப்போது ‘வாஃபித்’ என்ற பெயரில் நடக்கிறது. காசநோய், எச்.ஐ.வி., மஞ்சள் காமாலைக் கிருமிகள் போன்றவை தெரிந்தால் தகுதியில்லை என்று முத்திரை விழும். போய்ச் சேர்ந்த பிறகும் தங்கும் அனுமதிக்காகப் பரிசோதனை உண்டு. அந்த அனுமதி வேலையோடு பிணைந்தது என்பதால், நோய் வெளியே தெரிந்தால் ஊருக்கு அனுப்பிவிடுவார்கள் என்ற பயம் தொழிலாளியை விட்டு அகல்வதில்லை.

கடன் அடையாத முதல் இரண்டு வருடங்களில் இந்தப் பயம் இன்னும் அதிகம். இரவு போனில் மனைவி “உடம்பு எப்படிங்க இருக்கு?” என்றால், “எனக்கென்ன, நல்லா இருக்கேன்” என்ற பதில்தான் வரும். ஊரிலும் அப்படியே. அப்பாவுக்கு நெஞ்சுவலி வந்ததை, அங்கே அவன் கவலைப்படுவான் என்று சொல்லாமல் விடுவார்கள். இரு பக்கமும் அன்பால் மறைக்கிறார்கள். இரு பக்கமும் சிகிச்சை தள்ளிப்போகிறது.

உடம்பைக் கெடுப்பவை

முதல் எதிரி வெயில். ஐக்கிய அரபு அமீரகத்தில் ஜூன் 15 முதல் செப்டம்பர் 15 வரை பகல் 12.30 முதல் 3 மணி வரை நேரடி வெயிலில் வேலை வாங்கத் தடை உண்டு. சவூதியில் அதே மாதங்களில் 12 முதல் 3 மணி வரை. கத்தாரில் ஜூன் 1 முதல் செப்டம்பர் 15 வரை காலை 10 முதல் 3.30 வரை. தடை நேரத்துக்கு வெளியிலும் சூடு குறைவதில்லை. தண்ணீர் போதாமல் நாள்தோறும் வியர்ப்பவர்களுக்குச் சிறுநீரகக் கல் வரலாம். சிறுநீரகமே மெல்லப் பழுதாகவும் கூடும். வளைகுடாவிலிருந்து திரும்பிய இளம் நேபாளத் தொழிலாளர்களிடம் சிறுநீரகச் செயலிழப்பை மருத்துவர்கள் கண்டிருக்கிறார்கள்.

அடுத்தவை சர்க்கரையும் ரத்த அழுத்தமும். ஓவர்டைம், தூக்கக் குறைவு, சோறும் ரொட்டியுமான சாப்பாடு இவற்றை வளர்க்கின்றன. ஊரிலிருந்து மாத்திரை கொண்டுபோகிறவர்கள் மருத்துவரின் சீட்டையும் சேர்த்து எடுத்துப்போக வேண்டும். டிரமடால், கோடீன் கலந்த வலி மருந்துகள் அமீரகத்தில் கட்டுப்படுத்தப்பட்டவை. உரிய அனுமதி இல்லாமல் பையில் இருந்தால் வழக்கே வரும்.

அங்குள்ள சட்டம் தருவது

தொழிலாளிக்கு மருத்துவக் காப்பீடு எடுத்துத் தருவது சவூதியிலும் அமீரகத்திலும் முதலாளியின் கடமை. துபாயில் இதற்கான சட்டம் 2013ல் வந்தது. 2025 ஜனவரி 1 முதல் அமீரகம் முழுவதும் தனியார் ஊழியருக்கும் வீட்டுப் பணியாளருக்கும் கட்டாயம்.

நோய் விடுப்பும் உரிமையே. அமீரகத்தில் தகுதிகாண் காலம் முடிந்தவருக்கு வருடத்துக்கு 90 நாள்: முதல் 15 நாள் முழுச் சம்பளம், அடுத்த 30 நாள் பாதி, மீதி சம்பளமின்றி. மூன்று வேலை நாட்களுக்குள் மருத்துவச் சான்றோடு முதலாளிக்குத் தெரிவிக்க வேண்டும். அங்கே வீட்டுப் பணியாளருக்குத் தனிச் சட்டம்; 30 நாள் விடுப்பில் முதல் 15 நாளுக்குச் சம்பளம். சவூதியில் 30 நாள் முழுச் சம்பளம், 60 நாள் முக்கால் சம்பளம், மேலும் 30 நாள் சம்பளமின்றி.

இந்திய அரசின் உதவி

பத்தாம் வகுப்பு தேறாதவர்களின் பாஸ்போர்ட் பெரும்பாலும் ‘இ.சி.ஆர்.’ வகை. 1983ஆம் வருடச் சட்டப்படி இவர்கள் குறிப்பிட்ட நாடுகளுக்கு வேலைக்குப் போக அரசின் அனுமதி தேவை. பதிவு பெற்ற ஏஜென்ட் வாங்கக்கூடிய கட்டணத்தின் உச்சவரம்பு 30,000 ரூபாயும் வரியும். அனுமதியோடு ‘பிரவாசி பாரதீய பீமா யோஜனா’ காப்பீடும் எடுக்க வேண்டும். இரண்டு வருடத்துக்கு 275 ரூபாய், மூன்று வருடத்துக்கு 375 ரூபாய், வரி தனி. விபத்தில் இறந்தாலோ நிரந்தர ஊனமானாலோ 10 லட்சம். நோய், காயம் என்று மருத்துவமனையில் சேர்ந்தால் 1 லட்சம் வரை. வேலைக்குத் தகுதியில்லை என்று திருப்பி அனுப்பப்பட்டால் விமானக் கட்டணமும் உண்டு. விசிட் விசாவில் போய் வேலை செய்பவருக்கு இந்தப் பாதுகாப்பு கிடைக்காது. ஏஜென்டின் குறுக்குவழியால் வரும் பெரிய இழப்பு இதுவே.

கையில் காசில்லாமல் மருத்துவமனையில் கிடப்பவருக்கு இந்தியத் தூதரகங்களில் 2009ல் தொடங்கிய இந்தியச் சமூக நல நிதி உள்ளது. அவசர சிகிச்சை, ஊர் திரும்ப டிக்கெட், இறந்தவரின் உடலை அனுப்புதல் ஆகியவற்றுக்கு, குடும்ப நிலையைப் பார்த்து உதவுகிறார்கள். புகார்களை ‘மதத்’ இணையதளத்தில் ஊரிலிருக்கும் குடும்பமே பதிவு செய்யலாம்.

குடும்பம் செய்யக்கூடியது

பாஸ்போர்ட், விசா, வேலை ஒப்பந்தம், இரு காப்பீடுகள் ஆகியவற்றின் நகல் வீட்டில் இருக்க வேண்டும். வரும் பணம் முழுவதையும் செலவுக்கும் சீட்டுக்கும் ஒதுக்காமல், சம்பளம் வராத இரண்டு மாதத்தைத் தாங்கும் தொகையைச் சேர்ப்பது நல்லது. ஊரில் இருப்பவர்களின் வைத்தியச் செலவு முழுவதும் அந்த ஒருவர் தலையில் விழவும் தேவையில்லை. ஆயுஷ்மான் பாரத் – ஆரோக்கிய கர்நாடகா திட்டத்தில் பி.பி.எல். கார்டு உள்ள குடும்பத்துக்கு வருடம் 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சை கிடைக்கும். முதலில் அரசு மருத்துவமனைக்குப் போக வேண்டும். ஆஸ்டின் டவுன்காரர்களுக்குச் சிவாஜிநகர் பௌரிங் மருத்துவமனை எட்டும் தூரத்தில் இருக்கிறது.

நோயோடு திரும்புபவர் அங்கே எடுத்த பரிசோதனை முடிவுகள், டிஸ்சார்ஜ் சம்மரி, சேவைக்கால இறுதித் தொகைக்கான கணக்கு ஆகியவற்றைக் கையோடு வாங்கி வர வேண்டும். கிளம்பிய பிறகு அவற்றைக் கேட்டுப் பெறுவது கடினம். அவை கையில் இருந்தால் இங்கே சிகிச்சையைத் தாமதமின்றித் தொடரலாம். காப்பீட்டுத் தொகையையும் உரிமையோடு கோரலாம்.