ஒரு ரூபாய்க்குக் கிடைத்த நாயகன் எங்கே?

ஐதராபாத் அபிட்ஸ் பகுதியில் ஞாயிற்றுக்கிழமை பெரிய கடைகள் மூடியிருக்கும். மூடிய கடைகளின் முன்னால், நடைபாதையில், பழைய புத்தக வியாபாரிகள் சாக்கை விரித்துக் கடை போடுவார்கள். என்ஜினீயரிங் பாடப் புத்தகம், ஆங்கில நாவல், உருதுக் கவிதை, தெலுங்கு வார இதழ் என்று எல்லாம் ஒரே குவியலாகக் கிடக்கும்.

அந்தக் குவியலைப் புரட்டுகிறவர்களில் தமிழர்களும் உண்டு. தலை நரைத்தவர்கள். ரெயில்வேயிலோ வங்கியிலோ குமாஸ்தா வேலை பார்த்து ஓய்வு பெற்றவர்கள். அவர்கள் தேடுவது பக்திப் புத்தகம் அல்ல. தாங்கள் பையனாக இருந்தபோது படித்த சித்திரக்கதை!

கிடைப்பது அபூர்வம். கிடைக்காதவர்கள் புதிய புத்தகமாவது வாங்கலாமே என்று கேட்டால் இரண்டு குறை சொல்கிறார்கள். ஒன்று, விலை. மற்றொன்று, கதை. "விலையும் ஏறிவிட்டது, கதையும் இருண்டுவிட்டது" என்பதே அவர்கள் மனக்குறையின் சுருக்கம்.

இரும்புக்கை வந்த கதை

1972ஆம் ஆண்டு சிவகாசியில் இருந்து முத்து காமிக்ஸ் வெளிவரத் தொடங்கியது. முதல் இதழே "இரும்புக்கை மாயாவி". விலை ஒரு ரூபாய் அளவுதான். சாதாரணக் காகிதம், கறுப்பு வெள்ளைப் படம், கையில் அடங்கும் அளவு.

இங்கிலாந்தில் 1962 முதல் "வேலியண்ட்" வார இதழில் வந்த கதை அது. பரிசோதனைக் கூடத்து விபத்தில் வலது கையை இழந்தவன் லூயிஸ் கிராண்டேல். அவனுக்கு இரும்புக் கை பொருத்துகிறார்கள். மின்சாரம் பாய்ந்தால் உடல் மறைந்துவிடும். அந்தக் கை மட்டும் அந்தரத்தில் தெரியும். தமிழ்ப் பையன்களுக்கு இதைவிட வேறென்ன வேண்டும்?

1984ஆம் ஆண்டு லயன் காமிக்ஸ் வந்தது. அதே ஆண்டில் ராணி காமிக்ஸ் ஒன்றரை ரூபாய் விலையில் மாதம் இருமுறை வரத் தொடங்கியது. ஸ்பைடர், இயந்திர மனிதன் ஆர்ச்சி, ஜேம்ஸ்பாண்ட், டெக்ஸ் வில்லர் என்று நாயகர்கள் வரிசையாக வந்தார்கள். பெட்டிக்கடையிலும் பஸ் நிலையத்திலும் தொங்கிய புத்தகங்கள் அவை. கடலை மிட்டாய் வாங்கும் காசைச் சேர்த்து வைத்தால் பையனே வாங்கிக்கொள்ளலாம். அப்பாவின் அனுமதி தேவைப்படவில்லை.

சார்மினார் எக்ஸ்பிரசில் வந்த தமிழ்

ஐதராபாத் தமிழர் வீடுகளில் இந்தப் புத்தகங்களுக்கு இன்னொரு வேலையும் இருந்தது.

செகந்திராபாத்தைத் தலைமையிடமாகக் கொண்டு தென் மத்திய ரெயில்வே 1966ஆம் ஆண்டு அமைந்தது. ரெயில்வேயிலும் ராணுவக் கணக்கு அலுவலகங்களிலும் தொழிற்சாலைகளிலும் வேலை தேடி வந்த தமிழ்க் குடும்பங்கள் மாரேட்பள்ளி, பத்மாராவ் நகர், மல்காஜ்கிரி பக்கங்களில் குடியேறின. பிள்ளைகளுக்குப் பள்ளியில் ஆங்கிலம், தெலுங்கு, இந்தி. தமிழ் வீட்டில் பேசும் மொழியாக மட்டும் நின்றது. பேசத் தெரியும், படிக்கத் தெரியாது.

கோடை விடுமுறைக்கு ஊருக்குப் போனால், திரும்பும்போது சார்மினார் எக்ஸ்பிரசில் ஊறுகாய் ஜாடியோடு நாலைந்து சித்திரக்கதைப் புத்தகங்களும் வரும். மாயாவி தப்பித்தானா இல்லையா என்று தெரிய வேண்டுமானால் எழுத்துக் கூட்டித்தான் ஆகவேண்டும். படம் பாதிக் கதையைச் சொல்லும். மீதிப் பாதிக்குத் தமிழ் எழுத்து தேவை. அப்படியே படித்துப் பழகியவர்கள் ஏராளம். பாடப் புத்தகம் செய்யாததை இரும்புக்கை செய்தது!

தமிழிலும் தெலுங்கிலும் 1947 முதல் வந்த அம்புலிமாமாவும் இப்படி உதவியது. பக்கத்து வீட்டுத் தெலுங்குப் பையன் சந்தமாமாவில் படித்த கதையையே தமிழ்ப் பையன் அம்புலிமாமாவில் படித்தான். ராணி காமிக்ஸ் 2005ஆம் ஆண்டு நின்றது. அம்புலிமாமாவும் 2013ஆம் ஆண்டு வாக்கில் நின்றுபோனது.

நூறு ரூபாய்க்கு ஏறிய கதை

முத்துவும் லயனும் நிற்கவில்லை. இடையில் தள்ளாடி, 2012ஆம் ஆண்டு ஜனவரியில் நூறு ரூபாய் விலையில் ஒரு சிறப்பிதழுடன் புது வேகம் எடுத்தன. வழவழப்பான காகிதம், முழு வண்ணம், பெரிய அளவு. மறு ஆண்டு ஜனவரியில் வந்த சிறப்பிதழின் விலை 400 ரூபாய்.

கதைகளும் மாறின. பிரான்சிலும் பெல்ஜியத்திலும் பெரியவர்களுக்காக எழுதப்பட்ட கதைகள் தமிழுக்கு வந்தன. நினைவிழந்து, ஜனாதிபதியைக் கொன்றவன் என்ற பழியைச் சுமந்து ஓடும் ஒருவனின் கதையான "இரத்தப் படலம்" அவற்றுள் பெயர் பெற்றது. போர், துரோகம், தோற்றுப்போன மனிதர்கள் ஆகியவை நல்ல கதைகள்தாம். ஆனால் பத்து வயதுப் பிள்ளையின் கையில் கொடுக்க முடியுமா? லக்கி லூக் போன்ற சிரிப்புக் கதைகள் இடையிடையே வந்தாலும், அவையும் வண்ண இதழ் விலையிலேயே வருகின்றன.

அமெரிக்காவிலும் இதே புலம்பல்

இது தமிழுக்கு மட்டும் வந்த நோய் அல்ல. 1938ஆம் ஆண்டு சூப்பர்மேன் அறிமுகமான இதழின் விலை 10 சென்ட். ஏழைத் தொழிலாளி மகனும் வாங்கலாம். 1986ஆம் ஆண்டிலும் சாதாரண இதழ் 75 சென்ட்தான்.

அந்த ஆண்டில்தான் பிராங்க் மில்லரின் "தி டார்க் நைட் ரிட்டர்ன்ஸ்" வந்தது. வயதாகி, கசப்பேறி, இரக்கமில்லாமல் அடிக்கும் பேட்மேன்! உயர்ந்த காகிதம், ஒரு பாகத்தின் விலை 2 டாலர் 95 சென்ட். அதே ஆண்டு ஆலன் மூர் எழுதிய "வாட்ச்மென்" தொடங்கியது. அதில் முகமூடி நாயகர்களே மனநோயாளிகளாகவும் கொலைகாரர்களாகவும் வந்தார்கள். இருட்டும் விலையும் கைகோத்துக்கொண்டு வந்த ஆண்டு அது.

அவை இரண்டும் சிறந்த படைப்புகள். கோளாறு, பின்னால் வந்தவர்களிடம். ஆழத்தை விட்டுவிட்டு இருட்டை மட்டும் நகல் எடுத்தார்கள். 1992ஆம் ஆண்டு சூப்பர்மேனையே கொன்றார்கள்; பிறகு உயிர்ப்பித்தார்கள். புத்தகங்கள் தெருமுனைக் கடையை விட்டுத் தனிக் கடைகளுக்குப் போயின. தனிக் கடைக்கு வருபவர் வளர்ந்த ரசிகர்; அவருக்காகவே கதை எழுதப்பட்டது; சிறுவன் வெளியே நின்றான். இன்று ஒரு மெல்லிய இதழே நாலு டாலர், அதாவது நம் பணத்தில் 300 ரூபாய்க்கு மேல்!

தமிழிலும் நடந்தது இதுவே. பெட்டிக்கடையில் தொங்கிய புத்தகம் இப்போது சந்தாவிலும் இணையத்திலும் புத்தகக் கண்காட்சியிலும் விற்கிறது. சந்தா கட்டுபவர் ஐம்பது வயதுக்காரர்.

பதிப்பாளர் பக்கம்

பதிப்பாளரை மட்டும் குறை சொல்வது நியாயம் ஆகாது. வெளிநாட்டு உரிமையாளருக்குப் பணம் கட்ட வேண்டும். காகித விலை ஏறுகிறது. அச்சாகும் பிரதிகள் குறைவு. பிரதி குறைந்தால் ஒரு புத்தகத்தின் அடக்க விலை கூடும். பழைய மங்கலான அச்சைப் பார்த்து, "வண்ணத்தில் வரக்கூடாதா?" என்று கேட்டவர்களும் இதே ரசிகர்கள்தாம். சின்னப் பிள்ளைக் கதை என்று அலுத்துக்கொண்டவர்களும் இவர்களே.

இருட்டு என்பதும் புதிது அல்ல. இரும்புக்கை மாயாவி தொடக்கத்தில் குற்றவாளி! மறையும் சக்தி கிடைத்ததும் அவன் செய்த முதல் காரியம் திருட்டு. ஸ்பைடரும் அப்படியே, குற்றவாளிகளுக்கெல்லாம் சக்கரவர்த்தி ஆகவேண்டும் என்று புறப்பட்டவன். பிறகு இருவரும் திருந்தினார்கள். எந்தப் பயங்கரம் நடந்தாலும் கடைசிப் பக்கத்தில் நியாயம் வென்றது.

ஆகவே, ரசிகர்களின் கோபம் இருட்டின் மீது அல்ல. விடியாத இருட்டின் மீது. மாதக் கடைசியில் ஓவர்டைம் முடித்து வீடு திரும்பும் தொழிலாளிக்கு உலகம் கெட்டது என்று யாரும் பாடம் நடத்தத் தேவையில்லை. அவன் எதிர்பார்ப்பது அரைமணி நேர ஆறுதல்.

பிள்ளைகளுக்கு என்ன மிச்சம்?

நரைத்த ரசிகரின் ஏக்கம் ஏக்கமாகவே போகட்டும். அவர் படித்து முடித்தவர். கேள்வி, அவருடைய பேரப்பிள்ளையைப் பற்றியது.

2018ஆம் ஆண்டுச் சட்டப்படி தெலங்கானா பள்ளிகளில் தெலுங்கு கட்டாயம். வாழும் மண்ணின் மொழியைப் படிப்பது நல்லதுதான். ஆனால் தமிழை எங்கே படிப்பது? தானாக ஆசைப்பட்டு எழுத்துக் கூட்ட வைத்த புத்தகம் அந்தப் பிள்ளைக்கு இன்று இல்லை. இருப்பது தாத்தாவின் அலமாரியில், பிளாஸ்டிக் உறைக்குள், "தொடாதே, கசங்கிவிடும்" என்ற எச்சரிக்கையுடன் இருக்கிறது. அறுநூறு ரூபாய்ப் புத்தகத்தைக் குழந்தையிடம் கொடுக்க யாருக்கு மனம் வரும்?

வண்ணச் சிறப்பிதழ் வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. அதோடு ஒரு மெல்லிய புத்தகமும் வரட்டும். கறுப்பு வெள்ளையாகவே இருக்கட்டும். முப்பது நாற்பது ரூபாய்க்குள் இருந்தால் போதும். கசங்கினாலும் கிழிந்தாலும் கவலை இல்லாத புத்தகமாக இருக்க வேண்டும்.

அதுவரை பழைய ரசிகர்கள் ஒரு காரியம் செய்யலாம். அலமாரியைத் திறந்து, இரண்டு இதழ்களைப் பேரப்பிள்ளையின் கையில் கொடுத்துவிடலாம். கசங்கட்டுமே! கசங்கிய புத்தகத்தில் படித்துத்தானே அவர்களும் தமிழ் கற்றார்கள்.