படிவம் திறந்தது, படம் போகவில்லை!

குற்றாலத்தில் சாரல் தொடங்கிவிட்டால், செங்கோட்டையிலிருந்து கொல்லம் செல்லும் சாலையில் வண்டிகளுக்குக் குறைவே இராது. அந்தச் சாலையில் மலை ஏறுவதற்கு முன் புளியரை வரும். அங்குள்ள சோதனைச் சாவடியைப் பேருந்தில் போகும்போது நீங்கள் பார்த்திருக்கலாம். கேரளத்தில் பறவைக் காய்ச்சல் பரவும் காலங்களில், கோழியும் வாத்தும் ஏற்றிவரும் வண்டிகளை அங்கிருந்தே திருப்பி அனுப்பிவிடுவார்கள். மற்ற வண்டிகள் வழக்கம்போல் வந்துபோகும்.

இப்போது ஒரு கற்பனை. காவலர் கையில் ஒரு பட்டியல் இருக்கிறது. முதல் வரி: ‘பண்ணைச் சரக்கு அனைத்தையும் திருப்பி அனுப்புக.’ இரண்டாம் வரி: ‘மாட்டுத் தீவனத்தை அனுமதிக்கலாம்.’ காவலர் பட்டியலை மேலிருந்து படிக்கிறார். பொருந்துகிற முதல் வரியிலேயே நின்றுவிடுகிறார். தீவன லாரி வருகிறது. அதுவும் பண்ணைச் சரக்குதானே? திரும்பிப் போ என்கிறார். இரண்டாம் வரி அங்கே இருந்தும் பயனில்லை. காவலர் மீது தவறில்லை. வரிகள் எழுதப்பட்ட வரிசையில்தான் தவறு.

கணிப்பொறி வலையமைப்பின் வாசலில் நிற்கும் இத்தகைய காவலருக்கு ‘ஃபயர்வால்’ என்று பெயர். ஒரு வீட்டில் பிடித்த தீ அடுத்த வீட்டுக்குப் பரவாதபடி இடையில் எழுப்பும் சுவரின் பெயரையே இதற்கும் வைத்துவிட்டார்கள். 1988 நவம்பர் 2 அன்று அமெரிக்காவில் ‘மோரிஸ் புழு’ என்னும் நிரல் இணையத்தில் புகுந்தது. ஏறத்தாழ 6,000 கணிப்பொறிகள் திணறிப்போயின என்பது அன்றைய மதிப்பீடு. அதன் பிறகுதான் வாசலுக்குக் காவல் வேண்டும் என்ற எண்ணம் வலுத்தது.

நாம் அனுப்பும் செய்தி எதுவும் முழுதாகப் போவதில்லை. சிறு சிறு பொட்டலங்களாகப் பிரிந்துதான் போகிறது. பள்ளிகளிலும் அலுவலகங்களிலும் உள்ள ஈதர்நெட் கம்பியில் ஒரு பொட்டலத்தின் மேல்வரம்பு பொதுவாக 1500 பைட். ஒவ்வொன்றின் தலைப்பிலும் அனுப்புநர் எண், பெறுநர் எண், எந்தச் சேவைக்கு உரியது என்று காட்டும் வாயில் எண் ஆகியவை இருக்கும். பாதுகாப்பான இணையப் பக்கத்திற்கு வாயில் எண் 443. பெயருக்கு உரிய முகவரி கேட்பதற்கு 53. ஃபயர்வால் இவற்றைப் பார்த்து, பெரும்பாலும் நம் காவலரைப் போலவே மேலிருந்து கீழாகத் தன் விதிகளைப் படிக்கிறது. எந்த விதியும் பொருந்தாவிட்டால், கடைசி வரி ‘தடு’ என்பதாகவே இருக்கும்.

தடுப்பதிலும் இரண்டு வகை உண்டு. ஒன்று, ‘அனுமதி இல்லை’ என்று பதில் சொல்லித் தடுப்பது. மற்றொன்று, பொட்டலத்தை வாங்கிக் கீழே போட்டுவிட்டுப் பேசாமல் இருப்பது. இரண்டாவதுதான் நம்மை அதிகம் அலைக்கழிக்கும். திரையில் சக்கரம் சுழன்றுகொண்டே இருக்கும். கம்பி அறுந்ததா, எதிர்முனை தூங்குகிறதா, காவல் தடுக்கிறதா, ஒன்றும் தெரியாது.

தென்காசிப் பக்கம் ஒரு பள்ளியின் கணிப்பொறி அறை என்று வைத்துக்கொள்வோம். உதவித்தொகை விண்ணப்பத்துக்கு மாலை ஐந்து மணியோடு கெடு முடிகிறது. படிவம் திறக்கிறது. பெயர், வகுப்பு எல்லாம் நிரப்பியாகிவிட்டது. ஆனால் மாணவியின் புகைப்படத்தை அனுப்பினால் மட்டும் போகவில்லை. பக்கத்து வீட்டுக் கைப்பேசியில் அதே படம் போகிறது. மணி நான்கு. யாரோ சொல்கிறார்: “ஃபயர்வாலை அணைத்துவிடுங்கள், சரியாகிவிடும்!”

பொறுங்கள். கிடைத்த தடயங்களைப் பார்ப்போம். பக்கம் திறப்பதால் பெயர் தேடல் சரி. வாயில் 443-ம் திறந்தே இருக்கிறது. சிறு எழுத்துகள் போகின்றன, பெரிய படம் போகவில்லை. அப்படியானால் சிக்கல் அளவைப் பற்றியது அல்லவா?

பள்ளிக்குள் 1500 பைட் பொட்டலம் போகும். ஆனால் வெளியே செல்லும் அகன்ற அலைவரிசை இணைப்புகள் பலவற்றில், பயனர் பெயரும் கடவுச்சொல்லும் கொண்டு இணையும் முறைக்காகவே 8 பைட் செலவாகிவிடும், மிஞ்சுவது 1492. முழு அளவுப் பொட்டலம் அங்கே நுழையாது. அப்போது அங்குள்ள ரவுட்டர், ‘அளவு பெரிது, குறைத்து அனுப்பு’ என்று ஒரு சீட்டு எழுதித் திருப்பி அனுப்பும். இந்த ஏற்பாடு 1990-லேயே வகுக்கப்பட்டது. சீட்டுக்கு வகை 3, குறி 4 என்று அடையாளமும் உண்டு. சீட்டைக் கண்டதும் கணிப்பொறி சிறிய பொட்டலங்களாகக் கட்டி அனுப்பிவிடும். (சீட்டுக்கே வேலை இல்லாமல் முன்கூட்டியே அளவைக் குறைத்துவிடும் ரவுட்டர்களும் உண்டு. அது இல்லாத இடத்தில்தான் இந்தக் கதை.)

இங்கே என்ன நடந்திருக்கும்? ‘பிங்’ என்னும் தட்டிப்பார்க்கும் செய்தியால் ஆபத்து வரும் என்று யாரோ பயந்து, அந்த வகைச் செய்திகள் அனைத்தையும் தடுக்கும் ஒரு விதியைப் பட்டியலின் உச்சியில் போட்டுவிட்டார். ரவுட்டரின் சீட்டும் அதே இனத்தைச் சேர்ந்தது. சீட்டு ஃபயர்வாலிலேயே விழுந்துவிடுகிறது. சேதி தெரியாத கணிப்பொறி அதே பெரிய பொட்டலத்தை மறுபடி மறுபடி அனுப்பிக்கொண்டிருக்கிறது. வலையமைப்புக்காரர்கள் இதற்குக் ‘கருந்துளை’ என்று பொருத்தமாகத்தான் பெயர் வைத்திருக்கிறார்கள்.

ஊகம் சரிதானா என்று பார்க்க, சுவரைத் தொடவே வேண்டாம். அந்த ஒரு கணிப்பொறியில் மட்டும் பொட்டல அளவை 1400 என்று குறைத்து, படத்தை அனுப்பிப் பாருங்கள். போய்விட்டால் குற்றவாளி அகப்பட்டான்! விண்ணப்பமும் போய்ச் சேர்ந்தது. அடுத்து ஃபயர்வாலின் பதிவேட்டைத் திறக்கவேண்டும். எந்த நேரத்தில், எங்கிருந்து வந்த பொட்டலத்தை, எத்தனையாம் விதி தடுத்தது என்று அதில் இருக்கும். தடுத்தவற்றைக் குறித்துவை என்று முன்பே சொல்லியிருந்தால்தான் இருக்கும். பல இடங்களில் அதைச் செய்வதில்லை என்பது என் குறை. பிறகு அந்த அகலமான தடைக்கு மேலே, ‘வகை 3, குறி 4 மட்டும் வரலாம்’ என்று ஒற்றை வரி சேர்த்தால் போதும். கீழே சேர்த்தால் தீவன லாரியின் கதைதான். அளவை மறுபடி 1500 ஆக்கி, படம் போகிறதா என்று பார்த்தபின்தான் வேலை முடிந்தது.

இந்த உதாரணத்தில் பெயர் தேடல் சரியாக இருந்தது. பெயரே மறைந்துபோனால்? தென்காசிக்கு அருகே மத்தளம்பாறையில் அலுவலகம் வைத்திருக்கும் சோஹோ நிறுவனத்துக்கு அதுதான் நேர்ந்தது. மின்னஞ்சல் முதல் கணக்கு வழக்கு வரை பல சேவைகளை இணையத்தில் தரும் நிறுவனம் அது. 2018 செப்டம்பர் 24 அன்று அதன் இணையப் பெயரை, அதைப் பதிவு செய்து வைத்திருந்த டியெராநெட் என்னும் அமெரிக்க நிறுவனம் முடக்கிவிட்டது. சோஹோவின் மின்னஞ்சலைச் சிலர் மோசடிக்குப் பயன்படுத்துகிறார்கள் என்று புகார்கள் வந்திருந்தன, அதுதான் காரணம். வந்த புகார்கள் மூன்றே என்றும், அவற்றில் இரண்டின் மீது ஏற்கெனவே நடவடிக்கை எடுத்தாகிவிட்டது என்றும் சோஹோ சொன்னது. அந்த மூன்றுக்காகக் கோடிக்கணக்கான பயனர்களின் வழி அடைபட்டது. புளியரையில் ஒரு கோழி வண்டிக்காகச் சாலையையே மூடியதைப் போல!

சோஹோவின் கணிப்பொறிகள் நன்றாகவே ஓடிக்கொண்டிருந்தன. எந்த ஃபயர்வாலும் அவற்றைத் தடுக்கவில்லை. பெயரைச் சொல்லிக் கேட்டவர்களுக்கு எண் கிடைக்கவில்லை, அவ்வளவுதான். எண்ணைக் கொண்டு அழைத்தால் பதில் வருகிறது, பெயரைக் கொண்டு அழைத்தால் வரவில்லை என்றால், ஃபயர்வால் விதிகளைப் புரட்டி நேரத்தை வீணாக்கவேண்டியதில்லை. பெயர்ப் புத்தகத்தைத்தான் பார்க்கவேண்டும்.

நிறுவனத்தின் அப்போதைய தலைமைச் செயல் அதிகாரி ஸ்ரீதர் வேம்பு ட்விட்டரில் வெளிப்படையாக முறையிட்டார். சில மணி நேரத்தில் முடக்கம் நீங்கியது. ஆனாலும் எல்லோருக்கும் உடனே வழி திறந்துவிடவில்லை. உலகெங்கும் உள்ள பெயர் தேடும் கணிப்பொறிகள் தாங்கள் கடைசியாகப் பெற்ற பதிலைச் சிறிது காலம் நினைவில் வைத்திருக்கும். ‘அப்படி ஒரு பெயர் இல்லை’ என்ற பழைய பதிலும் அவற்றில் அடங்கும். அது காலாவதியாகும் வரை, திறந்த கதவும் சிலருக்கு மூடியே தெரிந்தது. பிறகு சோஹோ தன் பெயரை வேறொரு பதிவு நிறுவனத்துக்கு மாற்றிக்கொண்டது.