சிவப்பு மாத்திரை காலனி வரை வர வேண்டும்

கர்ப்பிணிக்கு என்ன கொடுக்கலாம் என்று கேட்டால், பேரீச்சை, மாதுளை, பாதாம், குங்குமப்பூ என்று டிவி ஒரு பட்டியல் சொல்கிறது. மெடிக்கல் ஷாப்பில் டப்பா டப்பாவாகப் புரோட்டீன் பவுடர் அடுக்கி வைத்திருக்கிறார்கள். ஆனால், ஆரம்ப சுகாதார நிலையத்தில் காசில்லாமல் கிடைக்கும் சிவப்பு மாத்திரை, நம் காலனி வீடுகள் பலவற்றில் பிரிக்கப்படாமலே கிடக்கிறது.

2019-21இல் எடுக்கப்பட்ட தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டுக் கர்ப்பிணிகளில் 48.3 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. அதற்கு முந்தைய 2015-16 கணக்கெடுப்பில் இது 44.4 சதவீதம். மருத்துவத்தில் முன்னணி மாநிலம் என்று பேர் வாங்கிய இடத்தில், குறைய வேண்டிய எண் கூடியிருக்கிறது.

கர்ப்பிணிக்கு ஹீமோகுளோபின் 11 கிராமுக்குக் கீழே போனால் ரத்தசோகை. 7 கிராமுக்குக் கீழே போனால் உயிருக்கே ஆபத்து. மற்றவர்கள் தாங்கும் பிரசவ ரத்தப்போக்கை இந்த உடம்பு தாங்காது. குறைமாதப் பிரசவமும் எடை குறைந்த குழந்தையும் இதன் தொடர்ச்சி.

மாத்திரை எதற்கு?

‘அந்தக் காலத்தில் மாத்திரை தின்றா பிள்ளை பெற்றோம்?’ என்று மூத்தவர்கள் கேட்கிறார்கள். கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு கர்ப்பிணிக்கு நாளொன்றுக்கு 27 மில்லிகிராம் இரும்புச்சத்து வேண்டும். 100 கிராம் முருங்கைக்கீரையில் இருப்பது சுமார் 4.5 மில்லிகிராம்தான். அதிலும் ஒரு சிறு பகுதியைத்தான் உடம்பு எடுத்துக்கொள்ளும். சிவப்பு மாத்திரையில் 60 மில்லிகிராம் இரும்பும் 500 மைக்ரோகிராம் ஃபோலிக் அமிலமும் இருக்கின்றன. நான்காவது மாதத்திலிருந்து 180 நாள், பிரசவத்துக்குப் பின் இன்னொரு 180 நாள் சாப்பிட வேண்டும். கீரையும் வேண்டும், மாத்திரையும் வேண்டும்.

மலம் கறுத்துப் போகிறது, குமட்டுகிறது என்று பலர் பாதியில் நிறுத்திவிடுகிறார்கள். மலம் கறுப்பது இரும்பினால்தான், பயப்பட ஒன்றுமில்லை. குமட்டினால் இரவு சாப்பாட்டுக்குப் பிறகு போட்டுக்கொள்ளலாம். டீ, காபியோடு சாப்பிட்டால் சத்து வீணாகும். கால்சியம் மாத்திரைக்கும் இதற்கும் 2 மணி நேரமாவது இடைவெளி வேண்டும். எலுமிச்சை, நெல்லிக்காய், கொய்யா சேர்த்துக்கொண்டால் இரும்பு நன்றாகச் சேரும்.

மருத்துவமனைப் பெயரிலும் சாதி

இந்த மாத்திரையில் உள்ள ஃபோலிக் அமிலத்தின் வரலாறு நமக்கு நெருக்கமானது. 1928இல் இந்தியா வந்த ஆங்கிலேய மருத்துவர் லூசி வில்ஸ், பம்பாயில் ஆலைத் தொழிலாளர் குடும்பத்துக் கர்ப்பிணிகளைத் தாக்கிய ரத்தசோகையை ஆராய்ந்தார். குன்னூரிலும் ஆய்வு நடத்தினார். ஈஸ்ட் சாறு கொடுத்தால் அந்த நோய் குணமாகிறது என்று 1931இல் எழுதினார். அந்தச் சாறில் இருந்த சத்துதான் பின்னாளில் கீரையிலிருந்து பிரித்தெடுக்கப்பட்டு, ‘இலை’ என்று பொருள்படும் லத்தீன் சொல்லால் ஃபோலிக் என்று பெயர் பெற்றது.

1931இன் தொடக்கத்தில் அவர் பணியாற்றிய சென்னை மருத்துவமனையின் பெயர் ‘சாதி மற்றும் கோஷா பெண்கள் மருத்துவமனை’. திருவல்லிக்கேணியில் இன்று அரசு கஸ்தூரிபா காந்தி மருத்துவமனையாக இருப்பது அதுதான். சாதி இந்துப் பெண்களையும் கோஷா முறையில் வாழ்ந்த பெண்களையும் மனதில் வைத்துத் தொடங்கப்பட்ட இடம் அது. பிரசவம் பார்க்கும் இடத்தின் பெயரிலேயே சாதி எழுதியிருந்த நாடு இது. பெயர்ப்பலகை மாறிவிட்டது. மருந்தும் சோறும் போய்ச்சேரும் பாதை மாறியிருக்கிறதா?

தட்டில் ஏன் கூச்சம்?

ஆலோசனைக் கூட்டங்களில் ‘என்ன சாப்பிடுகிறாய்?’ என்று கேட்கும்போது, நம் பெண்கள் மாட்டுக்கறியைச் சொல்லாமல் விழுங்கிவிடுவதை நாங்கள் பார்த்திருக்கிறோம். சொன்னால் கேட்பவர் முகம் மாறும் என்ற பயம். கீரையில் உள்ள இரும்பைவிட இறைச்சியில் உள்ள இரும்பை உடம்பு எளிதாக எடுத்துக்கொள்கிறது. நன்றாக வேகவைத்த மாட்டுக்கறியும் ரத்தப் பொரியலும் முட்டையும் ஏழை வீட்டின் சத்துணவு. ஈரலில் வைட்டமின் ஏ மிக அதிகம் என்பதால், கர்ப்ப காலத்தில் அதை மட்டும் செவிலியரிடம் கேட்டுச் சாப்பிடுவது நல்லது. 100 கிராம் கேழ்வரகில் சுமார் 360 மில்லிகிராம் கால்சியம் இருக்கிறது. கூழ் குடிப்பது கேவலமில்லை.

கடன் வாங்கிப் புரோட்டீன் பவுடர் வாங்க வேண்டியதில்லை. கர்ப்பிணிகளுக்கு அதிகப் புரதச் சத்துப் பவுடர்களை உலக சுகாதார நிறுவனமே பரிந்துரைக்கவில்லை. குங்குமப்பூவால் பிள்ளையின் நிறம் மாறாது. மாற வேண்டிய அவசியமும் இல்லை. கறுப்பு நம் நிறம்.

அங்கன்வாடி எந்தத் தெருவில்?

2013ஆம் ஆண்டின் தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டம், கர்ப்ப காலத்திலும் பிரசவத்துக்குப் பின் 6 மாதமும் அங்கன்வாடி வழியாக இலவச உணவை உரிமையாக்கியது. ஆனால், மையம் ஊர்த்தெருவில் இருந்தால், வேலைக்குப் போய் வந்த கர்ப்பிணி சத்துமாவுக்காக அங்கே போய் நிற்கத் தயங்குகிறாள். இதற்கும் வழி இருக்கிறது. 2006 டிசம்பர் 13 அன்று உச்ச நீதிமன்றம் தந்த உத்தரவு, பட்டியலின, பழங்குடிக் குடியிருப்புகளுக்கு முன்னுரிமை தரச் சொல்கிறது. 6 வயதுக்குட்பட்ட குழந்தைகள் 40 பேர் இருந்து, மையம் இல்லாத குடியிருப்பு மக்கள் கேட்டால், 3 மாதத்துக்குள் அங்கன்வாடி திறக்க வேண்டும் என்றும் சொல்கிறது.

டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவித் திட்டத்தில் 14,000 ரூபாய் பணமும், 4,000 ரூபாய் மதிப்புள்ள 2 ஊட்டச்சத்துப் பெட்டகங்களும் உண்டு. முழுப் பலன் கிடைக்க, 12 வாரத்துக்குள் கிராம சுகாதாரச் செவிலியரிடம் பதிவு செய்ய வேண்டும். செங்கல் சூளைக்கும் கரும்பு வெட்டுக்கும் போகிற குடும்பங்கள் தவறவிடுவது இந்தப் பதிவைத்தான்.

கல்லூரிக்குப் போகும் தம்பி, தங்கைகளுக்கு ஒரு வேலை. உங்கள் தெருவில் 6 வயதுக்குட்பட்ட குழந்தைகள் எத்தனை பேர், கர்ப்பிணிகள் எத்தனை பேர், யாருக்கெல்லாம் பதிவு எண் இருக்கிறது என்று ஒரு நோட்டில் எழுதுங்கள். அடுத்த கிராம சபையில் அந்த நோட்டோடு எழுந்து நின்று, நம் தெருவுக்கு வர வேண்டிய அங்கன்வாடியைக் கேளுங்கள். கேட்டதைத் தீர்மானப் புத்தகத்தில் எழுத வைத்துவிட்டு வீடு திரும்புங்கள்.