பெரியப்பா குரல் எங்கே போயிற்று?

செய்யாற்றங்கரையில் இருக்கும் ஊர், கலசப்பாக்கம். மேற்கே பார்த்தால் ஜவ்வாது மலை தெரியும். ரதசப்தமி அன்று திருவண்ணாமலை அண்ணாமலையார் தீர்த்தவாரிக்கு எழுந்தருளுவது இந்த ஊர் ஆற்றுக்குத்தான்.

என் பெரியம்மா வீடு அங்கே இருக்கிறது. பெரியப்பா இறந்து 4 ஆண்டுகள் ஆகிவிட்டன. அவர் கதை சொல்வதில் கெட்டிக்காரர். பேரப்பிள்ளைகளுக்கு அவர் சொன்ன 11 கதைகளை அண்ணன் செல்போனில் பதிவு செய்தார். பிறகு வீட்டுக் கம்ப்யூட்டரில் போட்டு வைத்தார். செல்போனில் இடம் போதவில்லை என்று அதில் இருந்ததை அழித்துவிட்டார்.

ஒரு நாள் மின்சாரம் போய், வந்தது. கம்ப்யூட்டர் திறக்கவில்லை! "ஹார்டு டிஸ்க் போய்விட்டது" என்றார், பழுது பார்ப்பவர்.

பெரியம்மாவுக்கு அது புரியவில்லை. "டேப் அறுந்தால் ஒட்டுவார்களே, இதை ஒட்ட முடியாதா?" என்று கேட்டார். அண்ணனால் பதில் சொல்ல முடியவில்லை.

11 கதைகளில் ஒன்று மட்டும் தப்பியது. அது நரி கதை. முன்பு எப்போதோ சித்திக்கு "வாட்ஸ்அப்"பில் அனுப்பியிருந்தார்கள். சித்தி அதை அழிக்காமல் வைத்திருந்தார்.

அரசாங்கத்துக்கே இந்த கதி!

இது கலசப்பாக்கத்தில் மட்டும் நடப்பது அல்ல. தென்கொரியா நாட்டின் டேஜோன் நகரில், அரசாங்கத்தின் கம்ப்யூட்டர் நிலையம் ஒன்று இருக்கிறது. 2025 செப்டம்பர் 26-ந் தேதி அங்கே பேட்டரியில் தீப்பிடித்தது. அரசு ஊழியர்கள் வேலைக் கோப்புகளைச் சேர்த்து வைத்திருந்த பெட்டகம் அழிந்தது. அதில் இருந்தது 858 டெராபைட். வேறு இடத்தில் நகல் இல்லை. "அளவு மிகப் பெரியது, அதனால் நகல் எடுக்கவில்லை" என்று காரணம் சொன்னார்கள்.

அமெரிக்காவில் "டாய் ஸ்டோரி-2" என்ற பொம்மைப் படம் தயாரானபோது, 1998-ம் ஆண்டில், யாரோ கொடுத்த ஒரு தவறான கட்டளையால் படத்தின் பெரும்பகுதி அழிந்தது. நகல் இருக்கிறதே என்று எடுத்துப் பார்த்தார்கள். நகல் எடுக்கும் எந்திரம் சரியாக வேலை செய்யவே இல்லை! அதை அதுவரை யாரும் சோதித்துப் பார்க்கவில்லை. பிரசவத்துக்குப் பிறகு வீட்டில் இருந்தே வேலை பார்த்த ஒரு பெண் அதிகாரியின் கம்ப்யூட்டரில் ஒரு நகல் இருந்தது. அதைக் கொண்டுவந்து படத்தை மீட்டார்கள்.

நம் சித்தி செய்ததும் இதைத்தான்.

"மேகம்" என்பது என்ன?

இப்போது நகல் வைக்க "மேகச் சேமிப்பு" என்று ஒன்று வந்திருக்கிறது. மேகம் என்றதும் வானத்தைப் பார்க்க வேண்டாம். யார் வைத்த பெயரோ! எங்கோ ஒரு கட்டடத்தில், தரையில்தான், ஆயிரக்கணக்கான கம்ப்யூட்டர்கள் ஓடிக்கொண்டிருக்கின்றன. அதில் நமக்கும் ஓர் அறை கொடுக்கிறார்கள். "கூகுள் டிரைவ்" 15 ஜிபி வரை காசு வாங்குவது இல்லை. ஆனால் உங்கள் மின்னஞ்சலும் போட்டோக்களும் அதே 15-க்குள்தான் அடங்க வேண்டும்.

தினமும் நாமே போய் அங்கே நகல் வைக்க முடியுமா? முதல் வாரம் வைப்போம். மறுவாரம் மறந்துபோவோம். அந்த வேலையைச் செய்ய நகல் எடுக்கும் மென்பொருள்கள் உள்ளன. போன மாதம் அண்ணனும் நானும் உட்கார்ந்து, புதுக் கம்ப்யூட்டரில் "டூப்ளிகாட்டி" என்ற மென்பொருளைப் போட்டோம். அது இலவசம்.

அண்ணன் பயந்தார்

மென்பொருளையும் மேகக் கணக்கையும் இணைக்கும் இடத்தில் அண்ணன் தயங்கினார். "என் பாஸ்வேர்டை இதனிடம் கொடுப்பதா?" என்றார்.

நல்ல கேள்வி. கொடுக்க வேண்டியது இல்லை! மென்பொருளில் உள்ள பொத்தானை அழுத்தினால், அது நம்மைக் கூகுளின் வாசலுக்கே அனுப்புகிறது. பாஸ்வேர்டை அங்கேதான் கொடுக்கிறோம். "இந்த மென்பொருளை உள்ளே விடலாமா?" என்று கூகுள் கேட்கிறது. சரி என்றால், நீளமான எழுத்துக்கள் கொண்ட ஓர் அனுமதிச் சீட்டு கிடைக்கிறது. மென்பொருள் வைத்துக்கொள்வது அந்தச் சீட்டைத்தான். பிடிக்காவிட்டால், கூகுள் கணக்கில் போய்ச் சீட்டை ரத்து செய்துவிடலாம். பாஸ்வேர்டை மாற்ற வேண்டிய அவசியம் இல்லை. வீட்டுச் சாவியைக் கொடுக்காமல், வேலைக்காரருக்குப் பின்கட்டை மட்டும் திறந்துவிடுவது போல!

அடுத்து, மென்பொருள் ஒரு ரகசியச் சொல் கேட்டது. இது கூகுள் பாஸ்வேர்டு அல்ல, வேறு. இதை வைத்துத்தான் நம் படங்களையும் குரல்களையும் பூட்டி அனுப்புகிறது. மேகத்தில் போய்ப் பார்த்தால் நம் படம் தெரியாது. பூட்டிய மூட்டைகள்தான் தெரியும். சொல்லை மறந்தால் மூட்டையைத் திறக்க யாராலும் முடியாது. கூகுளைக் கேட்டாலும் பயன் இல்லை. ஆகவே அண்ணன் அதை ஒரு நோட்டில் எழுதி, நிலப் பத்திரங்களோடு பீரோவில் வைத்தார். எழுதி வைக்கக் கூடாது என்பார்கள் சிலர். எங்கள் வீட்டில் திருடனைவிட மறதிதான் அதிகம்.

எங்களிடம் 12 ஜிபி இருந்தது. நொடிக்கு 5 மெகாபிட் வேகத்தில் அனுப்பினால், கணக்குப்படி 5 மணி 20 நிமிடம். நடுவில் இரண்டு முறை மின்சாரம் போனதால், முடிய நள்ளிரவு ஆகிவிட்டது. இனி அவ்வளவு நேரம் ஆகாது. புதிதாகச் சேர்ந்ததும் மாறியதும் மட்டுமே போகும்.

ஒரு விஷயத்தைப் பலர் குழப்பிக்கொள்கிறார்கள். கம்ப்யூட்டரில் உள்ளதை மேகத்திலும் அப்படியே காட்டும் "ஒத்திசைவு" வேறு, நகல் வேறு. ஒத்திசைவில், இங்கே குழந்தை தெரியாமல் ஒரு படத்தை அழித்தால் அங்கேயும் அழியும். நகலில் நேற்றைய படம் நேற்று இருந்தபடியே இருக்கும்.

மேகத்தை மட்டும் நம்பியும் இருந்துவிடக் கூடாது. 2 ஆண்டுகள் தொடாத கணக்குகளைக் கூகுள் அழித்துவிடலாம். அதனால் தனியாக ஒரு ஹார்டு டிஸ்க் வாங்கி, இன்னொரு நகல் எடுத்து, அதைச் சித்தி வீட்டில் கொடுத்துவிட்டோம்.

நரி கதை

மறுநாள் காலையில் சோதனை. நரி கதையைக் கம்ப்யூட்டரில் வேண்டுமென்றே அழித்தோம். பெரியம்மா பதறிப்போனார். "பாவிகளா, இருந்த ஒன்றையும் அழித்துவிட்டீர்களா?" என்றார்.

மென்பொருளில் "மீட்டெடு" என்பதை அழுத்தினோம். சற்று நேரத்தில் கதை திரும்பி வந்தது. ஒலிபெருக்கியில் பெரியப்பா பேசினார்.

பெரியம்மா அருகில் வந்து உட்கார்ந்தார். "நடுவில் ஒரு இடத்தில் இருமுவாரே, அதுவும் வந்திருக்கிறதா பார்" என்றார்.

வந்திருந்தது.