புதுக் கடைக்கு ஆள் சேர்க்கும்போது

புதிதாக மளிகைக் கடை திறக்கிறவர் இடம், அட்வான்ஸ், அலமாரி, தராசு என்று ஒவ்வொன்றையும் பத்து முறை யோசிக்கிறார். ஆள் விஷயத்தில் மட்டும் ஊருக்குப் போன் போட்டு, "நாலு பையன்களை அனுப்பி வையுங்கள்" என்று சொல்லிவிட்டு நிம்மதியாக இருந்துவிடுகிறார். திருநெல்வேலி, தூத்துக்குடிப் பக்கமிருந்து சென்னைக்கு வந்து கடை வைத்தவர்களில் பலர் இப்படித்தான் தொழிலை வளர்த்தார்கள். அந்த முறையைக் குறை சொல்வதற்கில்லை. பையனின் வீட்டார் தெரிந்தவர்கள், கடையிலேயே தங்குவான், அதிகாலையில் கடை திறக்க ஆள் இருக்கும்.

ஆனால் நான்கு பேரும் ஒரே ஊர் என்றால், ஊர்க் கோயில் கொடைக்கு நான்கு பேரும் சேர்ந்துதான் கிளம்புவார்கள். பொங்கல், தீபாவளிக்கும் அப்படியே. வியாபாரம் சூடாக நடக்கும் நாளில் முதலாளி தனியாக நின்று பொட்டலம் கட்ட வேண்டியதுதான்! ஒருவன் கோபித்துக்கொண்டு போனால் மற்றவனும் பின்னாலேயே போவான். இருவர் ஊர்க்காரர், இருவர் கடைத் தெருவை ஒட்டிக் குடியிருப்பவர் என்று வைத்துக்கொண்டால் பாதித் தொல்லை குறையும். உள்ளூர்ப் பெண் ஒருவர் வேலைக்கு இருந்தால், எந்த வீட்டில் என்ன அரிசி வாங்குவார்கள், யாருக்குக் கடன் கொடுக்கலாம் என்பதெல்லாம் முதலாளியைவிட அவருக்கு நன்றாகத் தெரியும்.

குணமும் பார்க்க வேண்டும். கலகலப்பாகப் பேசுகிறவர் முன்னால் நிற்கட்டும். அதிகம் பேசாத, நிதானமானவரை எடை போட வையுங்கள். இடம் மாற்றினால் இரண்டும் கெடும்.

கொள்முதல் செய்கிறவரே குடோனில் மூட்டையை எண்ணி இறக்கக் கூடாது. கல்லாவில் உட்காருகிறவரே பற்று வரவு எழுதக் கூடாது. கணக்கு உதைக்கும் நாளில் நல்லவர் மேல் பழி விழாமல் இருக்க இதுதான் வழி. ஆள் குறைவு என்றால் இரண்டில் ஒன்றை முதலாளியே தன் கையில் வைத்துக்கொள்ளலாம்.

2017 ஜூலையில் ஜி.எஸ்.டி. வந்த பிறகு பழைய பேரேடு மட்டும் போதவில்லை. அதற்காக முழுநேர ஆள் வேண்டாம்; வாரம் இரண்டு மாலை வந்து பில்களைப் பதிவு செய்யும் பி.காம். படித்தவர் ஒருவர் போதும்.

ஊரிலிருந்து யார் வந்தாலும் முதலில் வயதுச் சான்றைப் பாருங்கள். 2016-ல் திருத்தப்பட்ட சட்டப்படி 14 வயது நிறையாதவரைக் கூலிக்கு வைப்பது குற்றம். 2021-ல் வந்த தமிழ்நாட்டுச் சட்டத் திருத்தத்தின்படி ஊழியர் உட்கார இருக்கையும் தர வேண்டும். அலமாரிக்கு ஆர்டர் கொடுக்கும்போதே நான்கு ஸ்டூலுக்கும் சேர்த்துச் சொல்லிவிடுங்கள்.